உப்பில்லாத பங்கு

சிவப்பிரகாசம் உப்பில்லாமல் உண்பவர். நெய்வேலிச் சுரங்கத்தின் அளவைப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்களே எஞ்சியிருந்த அவருக்கு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு இரத்த அழுத்தம் கண்டது. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். இவர் அறவே நிறுத்திவிட்டார். எதையும் அரைகுறையாகச் செய்யும் வழக்கம் அவரிடம் கிடையாது. மாலை ஐந்தரைக்குக் கம்பெனி பேருந்து குடியிருப்பு பிளாக் முனையில் இறக்கிவிடும். குளித்து, திருநீறு பூசி, குவார்ட்டர்ஸின் பின்புறத் தோட்டத்துப் பலாமரத்தை இருபது முறை சுற்றி நடந்து, சரியாக ஏழு மணிக்கு உண்ண அமர்வார். உப்பிடாத பருப்பையும் காயையும் விட்டுப் பிசைந்த அவருடைய சோற்றை, மனைவி ஆதிலட்சுமி ஓர் அகன்ற எவர்சில்வர் பேசினில் எடுத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அடுப்பங்கரை ஜன்னலோரம் வைத்துவிடுவாள். தனியே மூடி வைத்த சோறு தமக்குரியது. ஒன்பது ஆண்டுகளில் அதைப்பற்றி அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

வைகாசித் திங்கட்கிழமை ஒன்றில், அவர் தட்டை எடுத்தபோது சோற்றில் ஒரு கூறு குறைந்திருந்தது.

எலி கொறித்த குறையன்று. பூனை வாய்வைத்த கலைப்பும் அன்று. பேசினின் நடுவிலிருந்து விளிம்புவரை, இரு பக்கமும் நேர்க்கோடாக, ஒருவர் தமக்கு முன்னிருந்த பகுதியை மட்டும் பொறுமையாக உண்டு முடித்தாற்போல் ஒரு பள்ளம் இருந்தது. அதன் அடியில் எவர்சில்வர் துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது.

"ருசி பாத்தியா, ஆதி?"

"உங்க சோத்துல ருசி பாக்க என்னாங்க இருக்குது?" என்று அவள் உள்ளேயிருந்து சிரித்தாள். "வெள்ளிக்கிழமை பவித்ரா வர்றா. அவளுக்குக் கட்டில் தட்டிப்போடணும், சாமான் ஒழிக்கணும். எனக்கு நிக்க நேரமில்ல."

பவித்ரா அவர்களுடைய ஒரே மகள். ஏழாம் மாதம். மேல்பட்டாம்பாக்கத்தில் கணவன் வீட்டில் வளைகாப்பு முடிந்து, பிரசவத்திற்காகத் தாய்வீடு வரவிருந்தாள். அந்த மகிழ்ச்சியில் சிவப்பிரகாசம் சோற்றுக் குறையைப் பெரிதுபடுத்தவில்லை. செவ்வாயன்று மூன்று கூறுகள் குறைந்திருந்தன. புதனன்று ஆறு. சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை எடுத்து அளந்தார். ஆறும் ஒரே அளவு. ஏழாவது கூறு அவர் வழக்கமாக அமரும் பக்கத்தில், அவருக்கென்று நகம்படாமல் விடப்பட்டிருந்தது. ஆறு பேர் உண்டிருக்கிறார்கள். அவருடைய பங்கை மட்டும் மரியாதையோடு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

குனிந்து முகர்ந்தார். பருப்பின் மணம் வரவில்லை. வெளியே கத்திரி வெயில் தணியாத அந்தி. பேசினுக்குள்ளிருந்தோ, உருகும் பனியின் ஈரமும், மலைச்சவுக்கு போன்ற ஏதோ ஒரு விறகின் புகையும், நனைந்த கோவேறு கழுதையின் மயிர் வாடையும் கலந்து எழுந்தன. அந்த வாடையை அவர் அறிவார். சென்ற சித்திரையில், ஏழு கடல் தாண்டி, அதை நெஞ்சு நிறைய இழுத்தவர் அவர்.

வாழ்நாளெல்லாம் பூமிக்குள் இறங்கி வேலை செய்தவருக்கு மேலே ஏறுவதில் தீராத ஆசை. கொல்லிமலையும் வெள்ளியங்கிரியும் ஏறிய பிறகு, அளவைப் பிரிவின் தோழர் ஷரீபுடன் மொராக்கோ நாட்டு அட்லஸ் மலைக்குப் போய் ஆறு நாள் நடந்தார். மூட்டைகளைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை. வழிகாட்ட அதன் சொந்தக்காரர். மூன்றாம் நாள் மாலை, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கற்சுவர் ஊரில், அந்தக் கழுதைக்காரரின் வீட்டில் தங்கினார்கள். வளைகுடாவில் சில காலம் இருந்த ஷரீப், தமக்குத் தெரிந்த அரபு மொழியில், இவர் உப்புச் சேர்ப்பதில்லை என்று எடுத்துச் சொன்னார். அந்த வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அங்கே எல்லாரும் ஒரே அகன்ற தட்டில்தான் உண்பார்கள். வேகவைத்த கோதுமைக் குருணை மலைபோல் குவிந்திருக்கும். அவரவர் தமக்கு முன்னுள்ள பங்கை மட்டுமே தொட வேண்டும். அடுத்தவர் பங்கில் கைவைப்பது தகாது. விருந்தாளிக்கு உபசாரம் செய்ய விரும்பினால், வீட்டார் தம் பங்கிலிருந்து விரலால் அவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். அன்று அடுப்பு மூட்டியிருந்த வேளையில், கைகால் கழுவ ஊற்றுக்குப் போன சிவப்பிரகாசம், அக்ரோட்டு மரத்தடியில் ஒரு மண்கிண்ணம் தட்டால் மூடி வைத்திருக்கக் கண்டார். திறந்தார். சூடாகக் குருணை. விரலில் எடுத்து நாவில் வைத்தார், உப்பில்லை. தனியே மூடி வைத்த சோறு தமக்குரியது. உட்கார்ந்து முழுவதையும் உண்டுவிட்டார்.

விளக்கோடு வந்த வீட்டுக்காரப் பெண்மணி வெறுங்கிண்ணத்தைப் பார்த்து வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மறுநாள் விடியலில் அவர் கையில் ஓர் உப்புக்கட்டியைத் திணித்து ஏதோ நெடுநேரம் சொன்னாள். "கணவாய் தாண்டறதுக்குள்ள இதைத் தின்னுடணுமாம் சார், உடம்புக்கு நல்லதாம்," என்று ஷரீப் சுருக்கிச் சொன்னார். கணவாயின் உச்சியில் அவருக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. அழுத்தம் ஏறிவிடும் என்று அஞ்சி, கட்டியைக் கழுதைக்கு நீட்டினார். அது நக்கித் தீர்த்துவிட்டுச் செல்லமாக அவர் தோளை முட்டியது.

வியாழக்கிழமை மதியம், அளவை அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் ஷரீபிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஷரீப் கையிலிருந்த கவளத்தைக் கீழே வைத்தார்.

"உப்பைத் தின்னீங்கதானே சார்?"

"கழுதைக்குக் குடுத்தேன்."

"கழுதைக்கா!" ஷரீபுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. "சார், அந்தக் கிண்ணம் உங்களுக்கு வச்சதில்ல. ஊத்துகிட்ட இருக்கிறவங்களுக்கு வச்சது. அவங்க பேரைச் சொல்ல மாட்டாங்க, 'அந்த ஆளுங்க'ன்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு உப்பு ஆகாதாம். அதான் அப்படி ஆக்கி வைக்கிறது. இதெல்லாம் அந்த மலைக்காரங்க வழக்கம், நம்ம மார்க்கத்துல கிடையாது, நானும் நம்பல."

"அன்னைக்கே ஏன் பாய் சொல்லல?"

"சொன்னா ஆபீஸ் பூரா சொல்லிச் சிரிப்பீங்கன்னு நினைச்சேன்." ஷரீப் குரலைத் தாழ்த்தினார். "ஒரே கிண்ணத்துல சாப்பிட்டவங்க ஒரே குடும்பமாம். உப்புத் தின்னா அந்த உறவு அறுந்துடும். தின்னலைன்னா உங்க வூடு அவங்க வூடு. அங்க பொறக்கிற புள்ளைகூட அவங்களுக்குப் பங்குதான்னு அந்தம்மா அழுதுச்சு சார்."

"வேற வழி சொல்லலையா?"

ஷரீப் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சுரங்கத்திலிருந்து வாரிக்கொட்டிய மண்மேடு, பிளாக்குகளுக்கு அப்பால், மலைபோலக் கிடந்தது. "சாப்பிட்டவரே அவங்க கூடப் போயிட்டா, அவங்களுக்கு இங்க வேலை இல்லையாம். விடுங்க சார். வீட்டுக்குப் போனதும் முதல்ல உப்பைத் தின்னுங்க."

வீட்டுக்கு வந்ததும், குளிக்காமலே அடுப்பங்கரைக்குள் போனார். ஜாடியைத் திறந்து ஒரு பிடி கல்லுப்பை அள்ளி வாயில் போட்டு மென்றார்.

மணல்.

பல்லில் நறநறத்தது, நாவில் ஒன்றுமில்லை. இன்னொரு பிடி. மணல்தான்.

"ஐயோ, என்னாங்க இது, பிரஷர் எகிறிக்கினு போவப்போவுது!" என்று ஆதிலட்சுமி ஜாடியைப் பிடுங்கினாள். ஒரு கல்லை எடுத்துத் தன் வாயிலிட்டு முகம் சுளித்துத் துப்பினாள். "கரிக்குது. நல்லாத்தான இருக்குது?"

அவளுக்கு இன்னும் கரித்தது. அந்த ஒன்றில் அவருக்கு ஆறுதல் பிறந்தது. உடனே மகளைக் கைப்பேசியில் அழைத்தார்.

"நாளைக்கு வராதம்மா. கொஞ்ச நாள் அங்கயே இரு."

"ஏம்ப்பா? எல்லாம் கட்டி வச்சாச்சு." பவித்ராவின் குரல் சோர்ந்திருந்தது. "எனக்கு உங்க சோறுதான்ப்பா வேணும். மூணு நாளா உப்புப் போட்டது எதுவும் உள்ள இறங்க மாட்டேங்குது. அத்தை தனியா ஆக்கி மூடி வைக்கிறாங்க. அதுலயும் ஏதோ பூனை வாய் வைக்குதுப்பா. ஆனா பாருங்க, விவரமான பூனை. என் பக்கம் மட்டும் தொடறதே இல்ல."

அவள் சிரித்தாள். அவர் அழைப்பைத் துண்டித்தார். ஆக, வீடு என்பது சுவர்களன்று. அவள் எங்கிருந்தாலும் அவருடைய வீடுதான். பிள்ளை எங்கே பிறந்தாலும் அந்த வீட்டில்தான்.

ஏழு மணி. தட்டை எடுத்தார்.

ஆறு கூறுகள் காலி. எதிரே மூன்று பங்குகள் எஞ்சியிருந்தன. ஒன்று அவருடையது. அதன் அருகில் அதே அளவில் இன்னொன்று. அவ்விரண்டிற்கும் நடுவே, ஒழுங்காகக் கோடு பிரித்து, இரண்டு விரல் அகலத்தில், மிகச் சிறியதாக ஒரு பங்கு.

ஸ்கேலை எடுக்கவில்லை. அளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

பேசினைக் கையிலேந்திக்கொண்டு பின்புறத் தோட்டத்துக்குப் போனார். பலாமரத்தின் கீழே, துவைக்கும் கல்லுக்கு அருகில், குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக இரவும் பகலும் ஓயாது கேட்ட சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல் அங்கே கேட்கவில்லை. நின்றதும் தெரியாமல் நின்றுபோயிருந்தது. அடுத்த குவார்ட்டர்ஸில் தொலைக்காட்சியின் ஒளி சுவரில் அசைந்தது, ஒலியில்லை. பழுத்த பலாவின் நெடியைத் தள்ளிக்கொண்டு பனியின் வாடை வந்தது. தொலைவில், மண்மேட்டின் உச்சியில், வைகாசி மாதத்தில், ஒரு வெண்கோடு மினுங்கிற்று.

கல்லின் அருகே சம்மணமிட்டார். பேசினை நடுவில் வைத்தார்.

குழாய் சொட்டுவது நின்றது.

தம் பங்கை உண்ணத் தொடங்கினார். எதிரே துணி உரசும் ஒலி. வலப்பக்கத்தில் ஒரு பெருமூச்சு. ஈரக் கம்பளியின் குளிர் முழங்காலில் பட்டது. தலை நிமிரவில்லை. தம் பங்கு தீர்ந்தது. மகளின் பங்கை நோக்கிக் கையை நீட்டினார்.

ஒரு கை அவருடைய மணிக்கட்டைப் பற்றியது.

நோகவில்லை. அடுத்தவர் பங்கைத் தொடும் விருந்தாளியைத் தடுக்கும் மென்மை அதில் இருந்தது. ஊற்றுநீரின் குளிர். விரல்கள் நீளமாயிருந்தன. மிக நீளம்.

"என் வூட்டுல இருந்து நான் ஒருத்தன்தான்," என்றார் சிவப்பிரகாசம். "அவங்களுக்கு இதுல பங்கு வேணாம். நானே வந்துடறேன்."

கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு பிடி தளர்ந்தது. இருட்டிலிருந்து விரல்கள் நீண்டன. ஒன்று. மூன்று. ஆறு கைகள். அவை மகளின் பங்கைக் கூட்டி அவர் பக்கம் தள்ளின. பிறகு அந்தச் சின்னஞ்சிறு பங்கை, ஒரு பருக்கை சிந்தாமல், உபசாரமாக, அவர் பக்கம் தள்ளின.

அவர் உண்டார். முழுவதையும். அவ்விருவருடைய சோறும் தொண்டையில் இறங்கும்வரை அந்தக் கைகள் பேசினின் விளிம்பில் காத்திருந்தன. அவற்றின் நடுவே தம் கை எதுவென்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை.

அடுப்பங்கரைக் கதவு திறந்தது. ஆதிலட்சுமி வாசற்படியில் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தாள்.

"யாருங்க அது, இருட்டுல இத்தினி பேரு குந்திக்கினு? ஷரீப் அண்ணன் கூட வந்தவங்களா? எல்லாருக்கும் குடிக்கத் தண்ணி கொண்டாரட்டா?"

அவரைச் சுற்றிலும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மிகவும் உயரமாக. கழுதையின் கழுத்துமணி ஒன்று, பின்சுவருக்கு அப்பால், ஒருமுறை அசைந்தது.

"வேணாம். நீ வெளிய வராதே." சிவப்பிரகாசம் வெறும் பேசினைக் கவிழ்த்துத் துவைக்கும் கல்லின்மேல் வைத்தார். "ஆதி, நாளைலருந்து எனக்குன்னு தனியா ஆக்க வேணாம்."

"ஏங்க? எங்க கிளம்பிட்டீங்க இந்நேரத்துல?"

ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும்போது சொல்லும் 'போய்ட்டு வரேன்' அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினார்.

"பவித்ரா நாளைக்கு வரட்டும்," என்றார். "நான் போறேன்."