தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

பூட்டு ரிப்பேர்காரர் ஒரு தடவைதான் இருமினார். கேட்டது இரண்டு.

முதலாவது அவருடையது, தொண்டை எரிந்ததால் அதில் சந்தேகமில்லை. இரண்டாவது கதவுக்கு வெளியே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கேட்டது. அதே இழுப்பு, முடிவில் அதே சின்ன விசில்.

கொரோனா அவருடைய மோப்பத்தையும் குரலையும் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது. அதனால் மனைவியோடு ஓர் ஏற்பாடு: ஓர் இருமல் என்றால் தண்ணீர், இரண்டென்றால் சாப்பாடு. கதவின் அடியில் இருந்த அகலமான இடுக்கு வழியாகத் தட்டு வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இவ்வளவு ஒற்றுமையாகப் பேசிக்கொண்டதில்லை.

எல்லாம் துரைக்காகத்தான். துரை என்பது பூனை. அவர் தலையணையில் பாதி அதற்குச் சொந்தம். "மனுஷன்கிட்டேருந்து பூனைக்கும் தொத்தும், ரெண்டு பேரையும் பிரிச்சு வைங்க" என்று கால்நடை டாக்டர் போனில் சொல்லியிருந்தார். துரையோ கைப்பிடியில் தொங்கிக் கதவைத் திறக்கும் ஆசாமி. எனவே மாடி அறையின் வெளிப்பக்கம் கனமான தாழ்ப்பாள் ஒன்றை அவரே பொருத்தி, மனைவியைப் போடச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். எந்தப் பூட்டையும் திறக்கிற கை. தாழ்ப்பாளுக்குச் சாவித்துவாரம் கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை.

மத்தியானம் பசித்தது. இரண்டு தடவை இருமினார். தட்டு வரவில்லை. மறுபடி இருமினார்.

"இப்பத்தானேங்க மீன் வெச்சேன்?" மாடிப்படியில் மனைவியின் சிரிப்பு. "தட்ட நக்கியே வெச்சிருக்கீங்க, கழுவற வேலை மிச்சம்!"

அவர் மீனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

படுத்தபடியே யோசித்தார். பூனைக்கு இருமல் தொத்தியிருக்கலாம், டாக்டரே சொன்னார். ஏற்பாடு எப்படித் தொத்தியது?

அதன்பின் அவர் காது கீழேயே கிடந்தது. குழாய் சொட்டியது, நாற்காலி இழுபட்டது, மேசை இழுப்பறை திறந்து அதற்குள்ளிருந்த பித்தளைச் சாவிகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. வெளிச்சம் மங்கும் நேரத்தில் அரம் சாவியை உரசும் சத்தம் எழுந்தது. இரண்டு இழுப்பு, ஓர் ஊதல். இரண்டு இழுப்பு, ஓர் ஊதல். அப்படி அராவுகிறவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். அவர் போர்வைக்குள் இருந்தார்.

"என்னங்க, எழுந்து வந்துட்டீங்களா?" கீழே மனைவியின் குரல் குழைந்தது. "முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே! கண்ணாடி போட்டுக்கிட்டு அராவுங்க."

ஓர் இருமல்.

"இருங்க, தண்ணி கொண்டாரேன்."

அவர் கதவுக்குப் பாய்ந்தார். கத்தினார். காற்றுதான் வந்தது. குத்தினார். கையில் பலமில்லை. நகம்தான் மிச்சம். பலகையைக் கீறினார். கீறினார்.

படியில் செருப்புச் சத்தம், பின்னாலேயே இன்னொன்று.

"துரை! பிராண்டாதடா." மனைவி கதவருகே நின்றாள். "உனக்குத் தொத்தியிருக்கு. நல்லாகிற வரைக்கும் உள்ளதான். ஐயா இப்பத்தான் தேறி வந்திருக்காரு, திரும்ப அவருக்குக் குடுத்துத் தொலைச்சிடாத."

இடுக்கு வழியாக ஒரு கிண்ணி நகர்ந்து வந்தது.

பால்.

மணத்தது. இத்தனை நாளில் முதல் வாசனை. அதன் பின்னால் மனைவியின் சோப்பு. அதற்கும் பின்னால், சுவருக்குள் எங்கோ, ஓர் எலி.

"பாருங்க, உங்க குரல் கேக்கலேன்னுதான் இந்த ஆர்ப்பாட்டம். ஒரு வார்த்தை பேசுங்களேன்."

வெளியே யாரோ மெல்ல மண்டியிட்டார்கள். முட்டி சொடுக்கியது. இடது முட்டி, அவருடையதைப் போலவே. அவர் தரையில் கன்னத்தை வைத்து இடுக்கு வழியாகப் பார்த்தார்.

அவருடைய மூக்குக் கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு மஞ்சள் கண்கள், கண்மணி இரண்டும் நெட்டுக்குத்தான கோடாக.

"துரை," என்றது அவருடைய குரல்.