ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம்

இரும்பைச் சீவுவதை வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து பார்க்க உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது அந்தக் கூட்டத்தைச் சமாளிப்பதே அவள் வேலை. டர்னரான அவள் கணவன் இரும்பைச் சுழற்றிச் சீவும் லேத் மெஷினைத் தான் ஓட்டுவதைப் போனில் லைவாகக் காட்டுவான். அவள் வீட்டு டிவியில் அதைப் போட்டுக்கொண்டு, தன் போனிலிருந்து கமெண்டுகளுக்குப் பதில் எழுதுவாள்.

அன்று புதுப் பட்டறையில் அவனுக்கு முதல் நாள். அங்கே வெகுநாள் பூட்டிக் கிடந்த ஒரு ஷெட்டுக்குள் நடந்துகொண்டே காட்டினான். உடைந்த கூரைத் தகட்டின் வழியாகக் கொஞ்சம் வெயில். அதற்குக் கீழே, ஒரு வீட்டு நீளத்துக்கு லேத்.

"பாருங்க மக்களே, இதுக்கு முன்னாடி நான் ஓட்டுனதெல்லாம் பென்சில் சீவுற மெஷின்!"

கப்பலுக்குப் போகும் ஷாஃப்ட், கனத்த இரும்புத் தண்டு, அவன் மார்புக்கு நேராகச் சுழலத் தொடங்கியது. போனை ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தான். அப்போதுதான் நீலமாகச் சுருண்டு விழும் இரும்பும் அவன் முகமும் ஒன்றாகத் தெரியும். அவன் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கும் மனசு நிறைந்தது.

அப்போது ஒரு கமெண்ட் வந்தது.

"கையுறை போட்டுக்கிட்டு லேத் ஓட்டுறியே, உசிரு மேல ஆசையில்லையா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையுறையின் ஒரு நூல் சிக்கினாலும் போதும், மெஷின் மிச்ச ஆளையும் இழுத்துக்கொள்ளும். பல் கிட்டிக்கும் குளிரிலும் வெறுங்கையோடு ஓட்டுகிறவன் அவன். "முதல்ல கண்ணாடியை மாத்துங்க சார்" என்று பதில் எழுதினாள்.

"கண்ணாடி வேண்டாம். அவர் இடது பக்கம் பாருங்க" என்றார் இன்னொருவர்.

பார்த்தாள். அவன் இரண்டு கைகளும் கைச்சக்கரங்களின் மேல் இருந்தன. இரண்டும் வெறுங்கை.

மூன்றாவது கை கையுறை போட்டிருந்தது.

எண்ணெய் ஊறிக் கறுத்த துணிக் கையுறை. அதற்குப் பின்னால் தோளோ ஆளோ இல்லை, இருட்டு மட்டும். அது அவன் முழங்கையை மெல்லத் தொட்டது. ஈ உட்கார்ந்தாற்போல் அவன் சொறிந்துகொண்டான்.

அவள் சமையலறையில் தீய்ந்த எண்ணெய் வாடை அடித்தது. அடுப்பை அவள் பற்றவைத்திருக்கவில்லை.

 அவனைக் கூப்பிட விரல் போய், பாதியில் நின்றது. மணி அடித்தால் சோம்பேறி மனுஷன் சுற்றி வரமாட்டான். சுழலும் ஷாஃப்டுக்கு மேலேயே குனிந்து போனை எட்டுவான்.

அதே பட்டறையில் வெகுநாளாக எலெக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் கணவனின் கூட்டாளியைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் அவன் 'ஷாக்'.

"அந்த லேத்தை முன்னாடி யாரு ஓட்டுனது?"

அவன் குரல் இறங்கியது. "எதுக்கு அண்ணி இப்ப?"

"கையுறை போடுவாரா?"

"ஒரே ஒருநாள் போட்டாரு. அப்புறம் அதைக் கையிலேர்ந்து பிரிக்க முடியல. அப்படியே புதைச்சோம்."

"மெயினை ஆஃப் பண்ணு. எதுவும் கேக்காத, ஓடு!"

டிவியில் கையுறை அவன் மணிக்கட்டைப் பற்றியது. அவன் முகம் சுளித்தான். கை தானாக முன்னால், இரும்பை நோக்கி, ஒரு விரற்கடை நகர்ந்தது.

விளக்கு அணைந்தது. மோட்டார் இரைச்சல் அடங்கியது.

கையுறையைக் காணோம்.

"கரண்டு போச்சு மக்களே" என்று மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான் அவன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். மின்சாரம் போனாலும் அத்தனை கனமான ஷாஃப்ட் சட்டென்று நிற்காது. துளிச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஆஃப் பண்ணிட்டேன்" என்று அவள் காதில் ஷாக் மூச்சு வாங்கினான். "அண்ணனைப் போய்க் கூட்டிட்டு வரேன், லைன்லயே இருங்க."

அப்போது டிவியில் போன் மணி அடித்தது. அவன் அவளுக்கென்று மட்டும் வைத்திருக்கும் மணி.

"வீட்டுக்காரம்மா!" என்று அவன் முகம் மலர்ந்தது. "ஒரு நிமிஷம் மக்களே."

அவள் போனில் ஷாக் ஓடும் காலடி கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் இல்லைங்க! நான் கூப்பிடலைங்க!" டிவியின் மேல் இரு கைகளாலும் அடித்தாள்.

அவன் ஷாஃப்டுக்கு மேலே குனிந்தான். கழுத்தில் தொங்கிய துண்டு முன்னால் சரிந்தது. நீட்டிய விரல் நுனியால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"சொல்லும்மா."

பட்டறையிலிருந்து, அவளுடைய குரலே, கொஞ்சலாக வந்தது.

"இன்னும் கொஞ்சம் குனிங்க."