சத்தம் வந்தால் அழுத்தவும்

"சத்தமே வராதப்போ எதுக்கு சார் அமுக்கறீங்க?" என்று கதவைத் திறந்து, காது டெஸ்ட் எடுக்கிற பெண் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, லேத் பட்டறைக்காரர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பரீட்சையில் பிட்டு அடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போல இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"நான் அமுக்கவே இல்லம்மா. அது என் கையிலயே இல்ல. கீழ விழுந்து கிடக்கு பாருங்க."

பொத்தான் அவர் காலடியில் கிடந்தது.

"முப்பது வருஷமா இதே பாட்டுதான்," என்றாள் பின்னால் நின்ற அவர் மனைவி. "பால் பொங்கி வழிஞ்சாலும் நான் இல்ல, கதவு திறந்து கிடந்தாலும் நான் இல்ல. எழுதிக்கோ பாப்பா, காதும் போச்சு, நாணயமும் போச்சு."

அந்தப் பெண் குனிந்து பொத்தானை எடுத்தாள். அந்த அறைக்குக் கிளினிக்கில் பேர் 'பெட்டி'. தலைக்குக் கொஞ்சம் மேலே கூரை, நாலு சுவரிலும் சாம்பல் நிறப் பஞ்சு, ஃபிரிட்ஜுக்கு இருப்பதைப் போல ரப்பர் விளிம்பு வைத்த கனத்த கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. உள்ளே உட்காருபவரின் காதில் ஹெட்போன், கையில் நீள வயர் வைத்த பொத்தான். வெளியே மேஜையிலிருக்கும் மெஷினிலிருந்து அவள் ஒரு சத்தத்தை அனுப்புவாள். கேட்டால் அவர் அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் முன்னால் பச்சை விளக்கு எரியும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த இடத்தில் விளக்கு எரியாமல் போகிறது என்று பிடிக்க வேண்டும். அதற்குத்தான் நாலு வருஷப் படிப்பு. லாரி ஆபீஸில் மூட்டை தூக்குகிற அப்பாவின் வீட்டில் முதல் பட்டம்.

விளக்கு தானாக எரிகிறது என்று போன வாரமே அவள் டாக்டரிடம் சொன்னாள். மெக்கானிக் வந்தான், மெஷினைப் பிரித்தான், மாட்டினான், 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அஞ்சு மாதத்தில் மூன்று தடவை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியிருக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதே யாரோ நெஞ்சுக்குள் கைவிட்டுப் பிழிவது போல இருக்கும், விரல் நுனியெல்லாம் எறும்பு ஊரும், தொண்டை ஊசித் துவாரமாகச் சுருங்கும், எதிரில் இருக்கிற மனுஷங்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிற்பது போலத் தெரிவார்கள், இதோ செத்தோம் என்று நிச்சயமாகத் தோன்றும். ஈ.சி.ஜி. நார்மல். ரத்தம் நார்மல். "லவ் ஃபெயிலியரா?" என்று கேட்டான் டியூட்டி டாக்டர். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றாள் அத்தை. "ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிட்டாங்கல்ல, அப்புறமும் ஏன்டி நடிக்கிறே?" என்றாள் அம்மா. ஒண்ணுமில்லாததற்கு எப்படி இவ்வளவு பலம் வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கிளினிக் டாக்டர் இரண்டு தடவை அவளை வராந்தாத் தரையில் கிடக்கப் பார்த்திருக்கிறார். "இன்னொரு தடவை இப்படிப் பாத்தேன்னா, நீ வீட்லயே இருந்து ரெஸ்ட் எடுத்துக்கலாம்," என்றார், ரொம்ப மரியாதையாக. இன்றோடு ஆறு மாதம் முடிகிறது. நாலு மணிக்கு வந்து அவளை வேலையில் நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போடுவார். அல்லது போடமாட்டார்.

லேத் பட்டறைக்காரரும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். ரிசப்ஷன் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏ பட்டதாரி, சாப்பிட்டு வந்துடறேன். டாக்டர் வரும்போது ஒழுங்கா உக்காந்திரு. படுத்துக் கிடக்காதே."

"வாயைக் கழுவுங்கக்கா."

"சாப்பிட்டுட்டுக் கழுவறேன்."

வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கிளினிக்கில் மிச்சமிருந்தது ஏசியின் ஒரே சுருதியிலான முனகலும், ஸ்பிரிட் வாசனையும், பெட்டியின் கதவிலிருந்து எப்போதும் வருகிற பழைய ரப்பர் நெடியும், மதிய வெயில் எட்டிப் பார்க்காத அந்த உள்ளறையில் டியூப் லைட் மேஜைக்கு அடியில் போட்டு வைத்திருந்த நிழலும்தான். பொத்தானை நாற்காலிமேல் வைத்துவிட்டு, பெட்டியைச் சாத்தி, தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, லேத் பட்டறைக்காரரின் தாளில் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாற்காலி. ஆணியில் ஹெட்போன். இருக்கையில் பொத்தான், வைத்தது வைத்தபடி.

விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

லூஸ் கனெக்‌ஷன் என்று சொல்லிக்கொண்டாள். லூஸ் கனெக்‌ஷன் கண்டபடி மினுக்கும். இது மினுக்கவில்லை. சீராக, யாரோ பொறுமையாகக் கேட்டுக் கேட்டு அழுத்துவது போல, எரிந்து எரிந்து அணைந்தது. அந்தத் தாளத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு, யாரும் சொல்லாமலே வலது கை விரல்கள் இடது மணிக்கட்டைத் தேடிப் போயின.

துடிப்பு. விளக்கு.

துடிப்பு. விளக்கு.

அவளுக்கு அவ்வப்போது ஒரு துடிப்பு தவறும். படியில் கால் வழுக்கினாற்போல நெஞ்சுக்குள் ஒரு பள்ளம் விழும். அதுவும் நார்மல்தானாம். இப்போது அந்தப் பள்ளம் விழுந்தது.

விளக்கும் ஒரு தடவை எரியாமல் இருந்துவிட்டு எரிந்தது.

முதுகில் வேர்வை குளிர்ந்தது, காது அடைத்தது, விரல்கள் மரத்துக் கோணிக்கொண்டன. ஒரு லாரி ஹாரன்கூட உள்ளே நுழையாத பெட்டி அது. அதற்குள்ளிருந்து எதுவோ அவள் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இதயம் எகிறியது. விளக்கும் எகிறியது. படபடவென்று, பிரித்தறிய முடியாத ஒரே பச்சை நடுக்கமாக.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, மூச்சு வாங்குது? மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" சோறு வாயில் இருந்தது. "டாக்டருக்குச் சொல்லட்டுமா?"

நாலு மணி. தாள். கையெழுத்து.

"இல்லக்கா. ஸ்டேப்ளர் எங்கன்னு கேக்கத்தான்."

"உன் மூக்குக்குக் கீழயே இருக்கும் பாரு," என்று அக்கா வைத்துவிட்டாள்.

ஓடலாம். எழுந்து, வராந்தாவைத் தாண்டி, வெயிலுக்குள் ஓடலாம். ஆனால் பஸ்ஸிலிருந்து ஓடினாள், கேன்டீனிலிருந்து ஓடினாள், லிஃப்டிலிருந்து ஓடினாள். ஓடிய இடமெல்லாம் அவளுக்கு இல்லாமல் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் அம்மா ஒருத்தி இருக்கிறாள். நடிக்கிறாயா என்று இவளிடம் கேட்காதவள் அந்த அம்மா ஒருத்திதான். அவள் சொல்லியிருந்தாள்: "அலை மாதிரிம்மா. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். ஓடினா துரத்தும். உக்காந்து மூச்சு விடு. ஆளைக் கொல்லாது."

இந்த நாற்காலி என்னுடையது என்று அவள் நினைத்தாள். நாலு வருஷம் அப்பாவின் முதுகில் ஏறி வந்து உட்கார்ந்த நாற்காலி. இதை விட்டு ஓடினால் நான் மனுஷி இல்லை. கோபம் வந்தது. கோபம் நல்லதாக இருந்தது. பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றினாள்.

நாலு எண்ணி உள்ளே. ஆறு எண்ணி வெளியே.

விளக்கைப் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்தாள். உள்ளே. வெளியே. விரல்களில் எறும்பு ஊர்வது குறைந்தது. தொண்டை கொஞ்சம் திறந்தது. உள்ளே. வெளியே. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணினாள். நூற்றுப் பத்து. தொண்ணூற்று நாலு. எழுபத்தெட்டு. தோள்கள் தாமாக இறங்கின. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, மாத்திரை இல்லாமல், யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், தரையில் விழாமல்.

விளக்கைப் பார்த்தாள். மங்கலாக ஒரு தடவை. தயங்கி இன்னொரு தடவை.

அணைந்தது.

எரியவில்லை. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். எரியவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது டாக்டர் வரட்டும். அத்தை வரட்டும். எல்லோரும் வரட்டும்.

பெட்டியின் கதவில் ரப்பர் பிரிகிற சத்தம் கேட்டது. ஒட்டிக்கிடந்த உதடுகள் பிரிவதைப் போல.

கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்து நின்றது. உள்ளே இப்போது இருட்டு. அந்த இருட்டை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிந்தது. மறுபடி, அவள் துடிப்போடு.

அவள் மூச்சு விட்டாள். பழகிவிட்டது, கேட்காமலே உடம்பு செய்தது. நாலு. ஆறு. இதயம் இன்னும் அடங்கியது.

விளக்கு அணைந்தது.

தரையில் எதுவோ உரசிக்கொண்டு நகர்ந்தது.

விளக்கு எரிந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஆறு மாதமாக அவள் தினமும் பார்க்கிற காரியம். சத்தத்தைக் குறைத்தால், காது கேளாதவர்கள் என்ன செய்வார்கள்?

கிட்டத்தில் வருவார்கள்.

கழுத்தைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினாள். கதவின் இடுக்கிலிருந்து பொத்தானின் வயர் வெளியே வந்திருந்தது. தரையோடு தரையாக. மேஜைக் காலைச் சுற்றி. அவள் செருப்பை ஒட்டி. நாற்காலிக்குப் பின்னால் போய், அங்கிருந்து மேலே ஏறியது. விறைப்பாக. மறுமுனையை யாரோ பிடித்திருப்பதைப் போல.

எழுந்திரு.

கால் எழவில்லை.

கத்து. படபடத்துக்கொள். சத்தமாகத் துடி, அது தள்ளிப் போகட்டும். வா, என்று அவள் அந்தப் படபடப்பைக் கூப்பிட்டாள். ஐந்து மாதமாகப் போ போ என்று கெஞ்சியதை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, வா, வந்து தொலை, நெஞ்சைப் பிழி, தரையில் தள்ளு, டாக்டர் பார்க்கட்டும், வேலை போகட்டும், வா.

வரவில்லை.

உடம்பு சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு எண்ணி உள்ளே. ஆறு எண்ணி வெளியே. அறுபது. ஐம்பத்தெட்டு. தூங்கும் குழந்தையைப் போல.

விளக்கு அணைந்தது.

முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, சட்டைத் துணியின் மேல் எதுவோ பட்டது. கை இல்லை. கன்னம் இல்லை. சில்லென்ற ஒரு மடிப்பு, அதற்குள் இன்னொரு மடிப்பு, நடுவில் ஒரு குழி. ஈரமான, பெரிய காது ஒன்று, சுவரில் ஒட்டுக்கேட்பவர்கள் வைப்பது போல, அவள்மேல் ஒட்டிக்கொண்டது.

விளக்கு எரிந்தது.

அடுத்த துடிப்பு இன்னும் மெல்லியதாக வந்தது. காது இன்னும் அழுந்தியது, விலா எலும்புகளுக்கு நடுவே இடம் தேடி.