சூரியன் இறங்கும் பக்கம்

அப்பா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. என் தம்பி மாறன் ஒன்றாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்.

"அக்கா, அப்பா எங்க போயிருக்காரு?"

அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஊருக்குப் போயிருக்கார், சாமிகிட்டப் போயிருக்கார். எனக்குக் கோபம் கோபமாக வரும். நான் மட்டும் ஒழுங்கா? நான் விட்டதுதான் இருப்பதிலேயே பெரிய புளுகு.

பள்ளி நூலகத்தில் எகிப்தைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்திருந்தேன். அந்தக் காலத்து எகிப்து மக்களுக்குச் சூரியன் பெரிய சாமி. பெயர் ரா. பகலெல்லாம் வானத்தில் படகில் போவார். சாயங்காலம் மேற்கே இறங்கி, செத்தவர்கள் இருக்கும் இருட்டு உலகத்துக்குள் போவார். வழியில் ஒரு பெரிய பாம்பு படகை மறிக்கும். அதை ஜெயித்துக்கொண்டு அவர் போகப் போக, வெளிச்சம் பட்டுச் செத்தவர்கள் எழுந்துகொள்வார்கள்.

இதை மாறனிடம் சொன்னேன். "நம்ம அப்பாவும் அங்கதான் இருக்காரு" என்று கூடவே ஒன்றைச் சேர்த்தும் விட்டேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"அப்பாவும் எழுந்துப்பாரா?"

"எழுந்துப்பாரு. இப்ப நீ தூங்கு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு மாறனைக் காணவில்லை.

அம்மா தெருத் தெருவாக ஓடினார். எதிர் வீட்டுச் சகாதேவன் மாமா ஆட்டோவைக் கிளப்பினார். "பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு வரேன். அங்கதான் கூட்டம் ஜாஸ்தி" என்றார்.

மாறனிடம் நான் சொன்ன கதை ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் சூரியன் இறங்குவது தெரியாது. மேற்கே இருக்கும் மலை மறைத்துவிடும். பார்க்க வேண்டுமானால் மலைக்கு அந்தப் பக்கம் போகவேண்டும்.

"மாமா, அவன் சூரியன் இறங்குற இடத்தைத் தேடிப் போயிருப்பான். நான்தான் ஒரு கதை சொன்னேன்."

மாமா என்னை முறைத்தார். திட்டவில்லை. "ஏறு. வடக்கால சுத்திப் போலாம், வண்டி கம்மியா இருக்கும்."

"வேணாம் மாமா, தெற்கால செங்கம் ரோட்டுல போங்க. அப்பா அவனைத் தோள்ல வெச்சுக்கிட்டு கிரிவலம் போவாரு. மலை எப்பவும் வலது கைப் பக்கம் இருக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காரு. அவன் மாத்திப் போகமாட்டான்."

ஆசிரமத்தைத் தாண்டினோம். கிரிவலப் பாதை பிரிகிற இடத்தையும் தாண்டி நேராக மேற்கே போனோம். மாறன் இல்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தே போனேன்.

அதற்கும் அப்பால், ஒரு சின்னப் பாலத்தின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். காலில் செருப்பு இல்லை. உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். பக்கத்தில் ஒரு கம்பு.

"கம்பு எதுக்குடா?" என்றார் மாமா.

"பாம்புக்கு."

டவுசர் பையிலிருந்து அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் காட்டினான். "அப்பா இத விட்டுட்டுப் போயிட்டாரு. வெளிச்சம் வந்தாலும் அவருக்கு ஒண்ணும் தெரியாது. படகு வந்தா குடுத்தனுப்பணும்."

 இன்னொரு புளுகு நாக்கு நுனிவரை வந்தது. வாங்கி வைத்துக்கொண்டு, கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நாளைக்கும் அவன் இங்கே வந்து உட்காருவான்.

"மாறா, அது எகிப்துக்காரங்க நம்பினது. இங்க படகு வராது. அப்பா அங்க இருக்காருன்னு நான்தான் சேத்துச் சொன்னேன்."

"அப்ப அப்பா எங்க?"

"தெரியலடா. செத்துட்டாரு, திரும்பி வரமாட்டாரு. எனக்கு அது மட்டும்தான் தெரியும்."

கம்பால் என் முழங்காலில் ஓங்கி அடித்தான். வலித்தது. பிறகு என் மடியில் விழுந்து அழுதான். இந்த இருபது நாளில் அவன் அழுதது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். மாமா தள்ளி நின்று அம்மாவுக்குப் போன் செய்தார்.

சூரியன் வயல்களுக்குப் பின்னால் இறங்கியது. முழுக்க மறையும்வரை மாறன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

ஆட்டோவில் ஏறியதும் கண்ணாடியைச் சட்டையில் துடைத்து என் கையில் வைத்தான்.

"நீயே வெச்சிரு அக்கா. நான் ஒடைச்சிடுவேன்."