இறுகாத பாத்தி

சாயங்காலம் மிதித்து இறுக்கிவிட்டுப் போன பாத்தி, விடிந்து பார்த்தால் உப்பிக் கிடந்தது.

தையல்காரிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பின்பக்கத்து மண்ணைக் கொத்திக் கொத்தி அவள் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. கல் பொறுக்கி, வேர் பிடுங்கி, மக்கிய எருவும் சுண்ணாம்புத் தூளும் கலந்து வைத்திருந்தாள். முட்டைக்கோஸ் நட வேண்டும் என்று ஆசை. நாற்றுக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "மண்ணு பொலபொலன்னு கிடந்தா வேரு நிக்காதும்மா, கோஸு உருண்டு தலை கட்டாது. நல்லா மிதிச்சு இறுக்கிட்டு நடுங்க."

பெருச்சாளி வேலையோ என்று குனிந்து பார்த்தாள். வளை எதுவும் இல்லை. அவள் வெறுங்காலால் மிதித்த பள்ளங்களையும் காணோம். பள்ளம் இருந்த இடமெல்லாம் மேடு. பாதத்தின் வடிவத்தில் மேடு. நுனியில் ஐந்து விரலுக்கு ஐந்து சின்னக் குமிழ்.

கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மிதித்தாள். மறுநாள் காலையில் மேடுகள் திரும்ப வந்திருந்தன. பாத்தியின் வரப்பைத் தாண்டி, சமையலறை வாசல்படி வரைக்கும் வரிசையாக. அதன் பிறகு அவள் பின்கதவைத் திறக்கவில்லை.

ஆனால் பாத்தியின் வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது, ஈர மண்ணும் எருவும் சுண்ணாம்பும் கலந்து, துவைத்து மடித்த துணியில்கூட. பொழுது சாயும் நேரத்தில் அவள் தையல் மெஷினை விட்டு எழுந்து நடக்கும்போது, சிமென்ட் தரைக்கு அடியில், ஈர மூட்டையைக் கீழே வைப்பது போல, அவள் வைக்கும் எட்டுக்கு அரை எட்டு தாமதமாக ஒரு சத்தம் கூடவே வந்தது. நின்றாள். அதுவும் நின்றது.

லாரி ஓட்டும் புருஷன் வெளியூரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சிரித்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ கோழிக்குஞ்சு மாதிரி மிதிச்சா மண்ணு எப்படி இறுகும்? நான் மிதிக்கிறேன் பாரு."

"வேணாங்க. வீட்டையே மாத்திடலாம்."

"ஒரு முட்டைக்கோஸுக்காக வீட்டை மாத்துவாங்களா? ஊரு சிரிக்கும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசல்படியில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குதிகாலை ஊன்றி ஊன்றி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவன் மிதித்துப் போனான். மண் அமுங்கவில்லை. அவன் கால் வைக்கும் இடத்தில் மட்டும் லேசாக எழும்பி, பாதத்தை வாங்கிக்கொண்டது.

திரும்பி வரும்போது நடுவில் நின்றான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. மண்ணு சூடா இருக்கு." கொஞ்சம் யோசித்தான். "கல்லு மாதிரி இறுகிடுச்சு பாரேன். இதைப்போய் இறுகலைன்னு சொன்னே."

"போதும். வந்துடுங்க."

"வர்றேன்."

வரவில்லை. காலைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"எருவு ஒட்டிக்கிச்சு போல. கால் கனக்குது."

"கீழ பாக்காதீங்க. அப்படியே வாங்க. என்னைப் பார்த்துட்டே வாங்க."

தொடையை இரண்டு கையாலும் பிடித்து வலது காலைத் தூக்கினான். மண் வாய் பிளந்தது. அவன் பாதம் மேலே வந்தது. கூடவே இன்னொரு பாதம். அவன் உள்ளங்காலோடு உள்ளங்கால் ஒட்டி, குதிகாலுக்குக் குதிகால், விரலுக்கு விரல். சுண்ணாம்பு பூசின வெளுப்பு. அதற்குக் கீழே கணுக்கால். அதற்கும் கீழே, அவன் தூக்கத் தூக்க, முடிவில்லாமல் கெண்டைக்கால்.

"என்ன அப்படிப் பாக்குறே?" என்றான் அவன்.