திரையில் குனிந்த தலை

சிவபாதம் அன்று காலை தேநீரைத் தொடவில்லை.

இரத்தினேஸ்வரி குசினி வாசலில் நின்று அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கோபத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டது உண்டு. நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருந்ததும் உண்டு. தேநீரை மட்டும் ஆற விட்டதில்லை. வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது.

"ஊருக்கு முன்னால தலையைக் குனிஞ்சு சம்மதம் சொல்லிப்போட்டு, இப்ப வாசல்ல நிண்டு என்ன பார்க்கிறாய்?" கனகம்மாதான் தொடங்கினாள். சிவபாதத்தின் அக்கா. கணவன் இறந்த பிறகு இந்த வீட்டோடு வந்து சேர்ந்தவள். "ஒரு சொல்லு... ஒரே ஒரு சொல்லு என்ட தம்பியிட்டச் சொன்னியா பிள்ளை? இந்த வீட்டில நாங்கள் ஆர்? கதிரை மேசையா?"

"விடுங்கோ அக்கா." சிவபாதம் நிமிரவில்லை. "கடையள் அவவின்ட சீதனம். எழுதிக் குடுத்தது அவவின்ட அப்பா. கேட்கிறதுக்கு நான் ஆர்? வாடகைக்காரருக்கு ஓடு மாத்திக் குடுக்கிற ஆள்!"

இரத்தினேஸ்வரி வந்து ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

வீட்டின் முன் மண்டபத்தின் மூலையில், பூப்போட்ட துணியால் போர்த்து, அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. கொழும்பில் நிகழ்ச்சி தயாரிக்கும் கம்பனி ஒன்றில் வேலை செய்யும் ஞானசேகரம், சிவபாதத்தின் தம்பி, அனுப்பியது. டொக்யாட் வீதியில் அதுதான் முதல் பெட்டி. தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, உச்சியில் அன்ரெனாவைக் கட்டி, முதன்முதல் படம் தெரிந்த அன்று வீட்டுக்குள் நாற்பது பேர் நின்றார்கள். எங்கேயோ மலைகளுக்கு அப்பால் நிற்கும் ஒரு மனிதர் தங்கள் மண்டபத்துக்குள் வந்து வணக்கம் சொன்னபோது, பாதிப் பேர் பதில் வணக்கம் சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. காற்றில் முகங்கள் வருகின்றன என்பதை நம்பிக்கொள்ள அவர்களுக்கு நேரம் வேண்டியிருந்தது.

நேற்று மாலையும் வீடு நிறைந்திருந்தது. ஞானசேகரத்தின் நிகழ்ச்சி; அதில் திருகோணமலை வரப்போகிறது என்று கடிதம் போட்டிருந்தான். துறைமுகம் வந்தது, அதன் மலைகள் வந்தன. தினம் பார்த்த கடலையே முதன்முதல் கண்டவர்கள்போல எல்லோரும் வாய்பிளந்து இருந்தார்கள். பிறகு இரத்தினேஸ்வரியின் ஆறு கடைகளும் வந்தன. எல்லாம் பூட்டிக் கிடந்தன. 'கேட்பாரற்றுக் கிடக்கும் இந்த இடத்தில் நாளை எழப்போகிறது நான்கு மாடி வர்த்தக நிலையம்' என்றது ஒரு குரல். அடுத்து அவள் முகம். திரை நிறைய முகம் மட்டும்.

"இந்த இடத்தைத் தாறதுக்கு உங்களுக்குச் சம்மதமா அம்மா?" என்று ஞானசேகரத்தின் குரல் கேட்டது.

முகம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. கண்கள் மெல்ல நிறைந்தன. இரு கைகளும் எழுந்து குவிந்தன. தலை குனிந்தது. உடனே இசை.

இரத்தினேஸ்வரி தரையில் இருந்தபடி அந்த முகத்தைப் பார்த்தாள். கும்பிடும்போது தன் முகத்தை எவராவது கண்டிருப்பார்களா? அவள் கண்டாள். இவ்வளவு அமைதி தன் முகத்தில் இருக்குமா என்று ஒரு கணம் வியந்தே போனாள். அடுத்த கணம்தான், செய்யப்பட்டது என்ன என்பது அவளுக்கு விளங்கியது.

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வந்த நாள் அது. அன்று பின்னேரம் அந்த வீதியில் எந்தக் கடையும் திறப்பதில்லை. இந்துக்கள், முஸ்லிம்கள் என்ற பேதமில்லாமல் எல்லோரும் கடையைப் பூட்டி, வாசலைக் கழுவி, சாமிக்கு வழிவிடுவார்கள். ஞானசேகரம் கமராக்காரரோடு வந்து நின்றான். சம்மதமா என்று கேட்டதும் உண்மை. "றஊப் நானா இருக்குமட்டும் அந்தக் கதை வேண்டாம் ராசா" என்று, 'நானா' என அண்ணன் முறை கூறி அழைக்கும் தன் பழைய வாடகைக்காரரை நினைத்து அவள் சொன்னதும் உண்மை. அவள் சொல்லி முடிக்கவில்லை, மேளச் சத்தம் கிட்டவாக வந்தது. கமராவுக்குப் பின்னால், வீதி வளைவில், தீவட்டிகளுக்கு நடுவே இடப வாகனத்தில் சாமி திரும்பினார். அவள் கமராவையும் மறந்தாள், கேள்வியையும் மறந்தாள். கும்பிட்டாள்.

நடுவிலிருந்த அவளுடைய பதிலை எடுத்துவிட்டு, கேள்வியையும் கும்பிட்டதையும் ஒட்டியிருந்தார்கள்.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் தை மாதம் ஞானசேகரம் அந்தக் கட்டடக் கம்பனியின் கடுதாசியோடு வந்தபோது சிவபாதம் கத்தியதை அவள் மறக்கவில்லை: "இன்னொருக்கா இந்தக் கதையோட படியேறினா நீ எனக்குத் தம்பியில்லை!" இந்தச் சூதை அறிந்தால் அவர் என்ன செய்வார்? மாமியார் கண்ணை மூடியபோது ஞானசேகரத்துக்கு ஐந்து வயது. இரத்தினேஸ்வரி அப்போது புதுப்பெண். வந்த ஆசிரியை வேலையை வேண்டாமென்று எழுதிவிட்டு அந்தப் பிள்ளையை மடியில் போட்டவள். 'இவர் என்னை வெறுத்தால் ஒரு மாதம் வெறுப்பார். தம்பியை வெறுத்தால் சாகுமட்டும் வெறுப்பார்.' அவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு. கடைகளுக்குக் கையெழுத்து வைக்கப்போவதில்லை, காரணமும் சொல்லப்போவதில்லை.

ஒன்பது மணிக்கு றஊப் வந்தார். மூன்றாம் கடையில் கயிறும் வலைநூலும் விற்பவர். வெள்ளைக்காரன் கப்பல் நின்ற காலத்திலேயே அந்தக் கடைக்கு வந்தவர். வழக்கமாக உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்கிறவர் அன்று வாசலிலேயே நின்றார்.

"நோன்புக்கு முந்திக் கடைய ஒழிச்சுத் தந்திடுறன் தங்கச்சி. அதச் சொல்லத்தான் வந்த."

"நானா..."

"ஒங்கட இடம். விக்கலாம், இடிக்கலாம், நாலு மாடி என்ன நாப்பது மாடியும் கட்டலாம். ஆனா புள்ள, எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே! ரீவியிலயா நான் அறியணும்? ராவு என்ட பொண்டாட்டி கேக்கிறா, 'ஒங்கட தங்கச்சி ஒங்களையும் சேத்தா கும்பிட்டு அனுப்பிட்டா' எண்டு."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. கடைசியில் வந்தது இது மட்டும்தான்: "நீங்கள் ஒழிக்க வேண்டாம் நானா."

"பின்ன ஏன் கும்பிட்ட?"

றஊப் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கட்டடக் கம்பனியின் அதிகாரி குணரத்தினம் கடுதாசிகளோடு வந்தார். கூடவே ஞானசேகரம். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் வந்து இருந்தான். சாட்சிக் கையெழுத்துக்கென்று குணரத்தினம் றஊபையும் கூப்பிட்டு வைத்திருந்தார்.

"நல்லதொரு முடிவு எடுத்திருக்கிறியள் அம்மா," என்றார் குணரத்தினம். "நிலாவெளியில ஹோட்டலுகள் வந்திட்டுது. இன்னும் பத்து வருசத்தில இந்த வீதியை உங்களுக்கே அடையாளம் தெரியாது. நிகழ்ச்சியைப் பார்த்திட்டு இப்பவே பதினொரு பேர் கடைக்கு இடம் கேட்டு எழுதியிருக்கினம்."

"நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றாள் இரத்தினேஸ்வரி.

சிவபாதம் கதிரையை விட்டு எழும்பினார். "என்ன விளையாட்டு இது? அண்டைக்கு நாடு பார்க்கக் கும்பிட்டுச் சம்மதிச்சனீர். இண்டைக்கு மாட்டன் எண்டுறீர். எது உம்மட முகம்? திரையில கண்டதோ, இப்ப காணுறதோ? என்னைத்தான் ஏமாத்தினீர் எண்டு பார்த்தால் ஊரையே ஏமாத்துறீரே!"

"மாட்டன் எண்டால் மாட்டன். அதுக்கு மேல என்னை ஒண்டும் கேட்காதேங்கோ..."

"கேள்வி கேட்டது உங்கட தம்பிதானே," என்றார் குணரத்தினம் பொறுமையாக. "ஞானசேகரம், நீரே சொல்லும். அம்மா சம்மதிச்சவவா, இல்லையா?"

ஞானசேகரம் முதன்முறையாக நிமிர்ந்தான். அண்ணி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மெல்ல, மிக மெல்ல, இருபுறமும் அசைத்தாள். சொல்லாதே ராசா.

அவன் முகத்தில் ஏதோ இடிந்து விழுவதை அங்கிருந்த எல்லோரும் கண்டார்கள்.

"இல்லை," என்றான். "அண்ணி மாட்டன் எண்டுதான் சொன்னவ. அதை வெட்டிப்போட்டம். அவ கும்பிட்டது... சாமியை."

குணரத்தினம் கையிலிருந்த பேனையை மூடினார். ஞானசேகரம் நிறுத்தவில்லை.

"படத்தை ஒட்டினவனுக்கு எங்கட வழக்கம் தெரியாது. கும்பிட்டா சம்மதம் எண்டு நினைச்சான், கடை பூட்டினா பாழ் எண்டு நினைச்சான். அவனில பிழையில்லை. நான் பக்கத்தில இருந்தனான். எனக்கு எல்லாம் தெரியும். நான் வாயைத் திறக்கேல்லை." அவன் குணரத்தினத்தைப் பார்த்தான். "இவையள் காசு தராட்டி நிகழ்ச்சி இல்லை. நிகழ்ச்சி இல்லாட்டி முப்பது பேருக்கு வேலை இல்லை. இவையளின்ட காணியை நல்லாக் காட்டினாத்தான் காசு வரும். இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டனான்..."

சிவபாதத்தின் கை ஓங்கியது. அது இறங்குவதற்குள் இரத்தினேஸ்வரி இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அடிக்கிறதெண்டா என்னை அடியுங்கோ! இவனை உங்களிட்ட இருந்து பிரிக்கக் கூடாதெண்டுதானே நாலு நாளா நெருப்பை விழுங்கிக்கொண்டு இருந்தனான்!" பிறகு திரும்பினாள். அந்த வீட்டில் ஒருவரும் கேட்டறியாத குரல் அவளிடமிருந்து வந்தது. "நீ கடையைக் கேட்டிருந்தா அழுதழுதாவது தந்திருப்பன். நான் கும்பிட்டதை எடுத்து வித்துப்போட்டியே ராசா... அது எனக்கும் சாமிக்கும் நடுவில இருந்தது. அதை ஏன்டா எடுத்தாய்?"

ஞானசேகரம் அவள் காலடியில் விழுந்தான். ஐந்து வயதுப் பிள்ளை அழுவதுபோல அழுதான். அவள் அசையாமல் நின்றாள். நெடுநேரம் நின்றாள். பிறகு குனிந்து அவனைத் தூக்கி, முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொண்டாள்.

"வேலையை விட்டிட்டு வந்திடுறன் அண்ணி..."

"விடாதை. எங்க சொன்னியோ அங்கேயே போய்ச் சரியாச் சொல்லு. பிறகு விரட்டினா விரட்டட்டும்."

குணரத்தினம் கடுதாசிகளை அடுக்கிப் பைக்குள் வைத்தார். படியிறங்கும்போது, ஏனோ, அந்த அம்மாளைப் பார்த்துத் தலை தாழ்த்திவிட்டுப் போனார். றஊப் தோளிலிருந்த சால்வையால் கண்ணைத் துடைத்தார். "நாப்பது வருசம் கண்ட முகம். ஒரு நிமிசப் படத்த நம்பி நான் வாசல்ல நிண்டுட்டுப் போயிட்டன். என்ன மன்னிச்சிரு புள்ள."

எல்லோரும் போன பிறகு சிவபாதம் கேட்டார், "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்கேல்லையே," என்றாள் அவள். "அக்கா கேட்டவ, நானா கேட்டவர், நீங்களும் கேட்டனீங்கள். ஏன் செய்தாய் எண்டுதான் எல்லாரும் கேட்டனீங்கள். செய்தனியோ எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை."



மூன்று கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. ஒளிபரப்பு நிலையத்தின் மேலதிகாரி முழுப் படச்சுருளையும் போட்டுப் பார்த்தாராம். கட்டடக் கம்பனி காசை நிறுத்திவிட்டது. நிகழ்ச்சி இன்னும் ஒரு வாரம்தான். அந்தக் கடைசி வாரத்தில் ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அதன் பிறகு என்ன என்று தெரியாது என்று ஞானசேகரம் எழுதியிருந்தான்.

அந்தக் கடைசி நிகழ்ச்சி வந்த மாலை மண்டபம் கொள்ளவில்லை, யன்னல்களிலும் முகங்கள். றஊபின் வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"சென்ற மாதம் காட்டியது பிழையான படம். பிழை என்னுடையது" என்றது ஞானசேகரத்தின் குரல். பிறகு ஒன்றும் பேசாமல் படத்தை ஓடவிட்டான். கேள்வி வந்தது. "றஊப் நானா இருக்குமட்டும் அந்தக் கதை வேண்டாம் ராசா" என்று திரையில் அவள் சொன்னாள். கூட்டத்துக்குள் றஊப் விம்மியது கேட்டது. மேளம் நெருங்கியது. கைகள் குவிந்தன. இந்த முறை படம் அங்கே நிற்கவில்லை. கமரா மெல்லத் திரும்பியது. தீவட்டிகள், புகை, அதற்கு நடுவே ஆடி ஆடி வரும் வாகனம்... கறுப்பிலும் வெள்ளையிலும் கோணேசர் அந்த மண்டபத்துக்குள் வந்தார்.

மண்டபமே எழுந்து நின்றது. கனகம்மா ஓடிப்போய்க் கர்ப்பூரத் தட்டோடு வந்தாள்.

"அக்கா, பெட்டி எரிஞ்சுபோம்!" என்றார் யாரோ.

"எரிஞ்சா எரியட்டும், நீ தள்ளு!"

முஸ்லிம்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். வியப்பில் சின்னப் பிள்ளைகளும் சத்தம் போடவில்லை.

கமரா திரும்பவும் கடைவாசலுக்கு வந்தது. இப்போது தூரத்திலிருந்து, முழுசாக. இரத்தினேஸ்வரி கும்பிட்டபடி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், ஒரு முழம்கூட இல்லாத இடைவெளியில், மேளச் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வந்த ஒரு மனிதர் அதே நேரத்தில் தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

சிவபாதம்.

கூட்டத்தில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் கும்பிட்ட அந்த நொடியில், ஊரில் வேறெவரையும் விட அவளுக்குக் கிட்ட நின்றவர் அவர்தான்!

படம் முடிந்தது. பெட்டி இருண்டது. சிவபாதம் கதிரையை விட்டு இறங்கி, அவ்வளவு பேருக்கும் நடுவில், தரையில் இரத்தினேஸ்வரிக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அவள் கொஞ்சம் நகர்ந்து, பாயில் அவருக்கு இடம்விட்டாள்.