குளோரின் இல்லாத கொலை

"ஐயோ... என் புருஷன்!"

அந்த அலறலில் எதிர் வரிசை ஜன்னல்கள் எல்லாம் படபடவென்று திறந்துகொண்டன.

குளியலறையில் வீட்டுக்காரர் மண்டியிட்டிருந்தார். தலை மட்டும் பக்கெட்டுக்குள்!

தண்ணீருக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போல இருந்தார்.

தொலைந்தது உயிர்.

போலீஸ் வந்தது. முதலில் இன்ஸ்பெக்டர். பிறகு ஏட்டுவின் தொப்பை. கடைசியாக ஏட்டு.

"வழுக்கி விழுந்துட்டார் சார்..." மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"கிழிச்சார்!"

சோபாவில் உட்கார்ந்திருந்த கொழுந்தன்தான் சீறினான். செத்தவரின் தம்பி. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் பங்கு கேட்டு நேற்று வந்தவன். சண்டை போட்டு, சத்தியம் செய்து, "இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டு, அதே வீட்டிலேயே படுத்துத் தூங்கியவன்.

"அண்ணி, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். வழுக்கி விழறவன் முழங்காலை அழகா மடக்கி, கரெக்டா பக்கெட்டுக்குள்ள தலையை வெச்சா விழுவான்?"

"பாத்தீங்களா சார்? நேத்து பூரா 'பங்கு குடு, இல்லன்னா கொன்னுடுவேன்'னு கத்தினவர் பேசறார்!"

"அது அண்ணன் தம்பிக்குள்ள சாதாரணமா பேசிக்கறது!"

"ஆமாமா. சாதாரணமா பேசினீங்க, சாதாரணமா கொன்னுட்டீங்க!"

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். "ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. உள்ள இருக்கறவராலதான் விட முடியாது."

ஹாலைச் சுற்றிப் பார்த்தார். இடுப்பு உயர மேடையில் நீளமாக ஒரு மீன் தொட்டி. விளிம்பு வரை தண்ணீர். உள்ளே ஆரஞ்சு மீன்கள் வாலாட்டிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளாத ஜீவன்கள் அவை மட்டுமே.

"மீனெல்லாம் யாருது?"

"அவரோடதுதான். கருமம்! எனக்கு அதுங்க மூஞ்சியைக் கண்டாலே ஆகாது."

கொழுந்தன் எழுந்தான். தன் பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தான்.

"சார், ஒரு டெஸ்ட் பண்ணிக் காட்டறேன். அண்ணி மூஞ்சி மாறுதான்னு மட்டும் பாருங்க."

"சொத்துப் பிரிக்க வரும்போது டெஸ்ட் கிட்டோடவா வருவீங்க?"

"சில பேர் பாக்கெட்டுல சீப்பு வெச்சிருப்பாங்க. எனக்கு இது."

பக்கெட் தண்ணீரில் ஒரு மாத்திரையைப் போட்டான். இளஞ்சிவப்பு!

"குளோரின். சுத்தமான குழாய்த் தண்ணி."

அண்ணன் சட்டைக் காலரைப் பிழிந்து அதையும் சோதித்தான். நிறமே மாறவில்லை! அடுத்து ஒரு காகிதப் பட்டையை முக்கினான். அது பளீரென்று சிவந்தது.

"இதுல குளோரின் இல்ல. துணியில பட்டு ஆவியாயிடுச்சுன்னே வெச்சுக்குங்க. ஆனா நைட்ரேட் ஏகத்துக்கு இருக்கே, அது எங்கேர்ந்து வந்துச்சு? மீன் கழிவுலேர்ந்து! அண்ணன் பக்கெட்டுல சாகலை சார். தொட்டியில முக்கிக் கொன்னு, பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போயிருக்காங்க!"

அண்ணியின் முகம் மாறியது. அவனுக்குக் குஷி தாங்கவில்லை. நிறுத்தியிருக்கலாம்...

நிறுத்தவில்லை!

"இன்னும் கேளுங்க. தொட்டிக்குக் கீழ கிடக்கற மிதியடி சொதசொதன்னு இருக்கு. அவ்வளவு தண்ணி கொட்டியும் தொட்டி எப்படி ரொம்பியிருக்கு? கொன்னவங்க திரும்ப ஊத்தியிருக்காங்க. குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தியிருந்தா குளோரின்ல செவுள் வெந்து மீனெல்லாம் இந்நேரம் மிதந்திருக்கும். ஒண்ணுகூடச் சாகலையே! மருந்து கலந்து குளோரினை முறிச்சுட்டு ஊத்தின கை சார் அது!"

"அடேங்கப்பா! இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"கண்டவனுக்கும் தெரியாது. தண்ணியை முறையாப் படிச்சவனுக்குத்தான் தெரியும்."

"அப்படி இந்த வீட்டுல யாரு?"

"நான் ஒருத்தன்தான்!" என்றான் நெஞ்சை நிமிர்த்தி.

இன்ஸ்பெக்டர் ஏட்டுவைப் பார்த்தார்.

ஏட்டு மெதுவாக விலங்கை எடுத்தார்.

"சார்... சார்! நான் அந்த அர்த்தத்துல சொல்லலை!"

"எனக்குக் குளோரினும் தெரியாது, கீரினும் தெரியாது சார்," என்றாள் அண்ணி. "நான் கெமிஸ்ட்ரியில பெயிலு."

'க்ளிக்!'

அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டிருப்பது. கொழுந்தன் ஜெயிலுக்கு. வீடு முழுசாக அவளுக்கு!

"ஏட்டு, தொட்டியும் தடயம். ஸ்டேஷனுக்குத் தூக்கணும்."

"தண்ணியோட தூக்கினா என் இடுப்பு தடயமாயிடும் சார்."

"சாம்பிள் எடுத்துட்டு மிச்சத்தைக் கொட்டுய்யா. மீனை வேற தண்ணியில போட்டுக்கோ."

ஏட்டு சமையலறையிலிருந்து ஒரு குண்டானைக் கொண்டுவந்தார். குழாயிலிருந்து பிடித்த தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. வலையை விட்டு ஒரு மீனை அள்ளினார். குண்டானுக்கு மேலே கொண்டுபோனார்...

"யோவ்! போடாதே!"

வீடே அதிர்ந்தது. புருஷனுக்காக அலறியதைவிட இந்த அலறலில் சுரம் சுத்தமாக இருந்தது.

"அறிவிருக்கா உனக்கு? சொட்டு மருந்து விடாத தண்ணிய்யா அது! செத்துடும்! சூடு சரியா இருக்கான்னு பாத்தியா? மொத்தத் தண்ணியையும் ஒரே நாள்ல மாத்துவானா எவனாவது?"

மீன் பொத்தென்று தொட்டிக்குள்ளேயே திரும்ப விழுந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தாமதம்!

"பெயிலுன்னு சொன்னீங்களே," என்றார் இன்ஸ்பெக்டர். "இப்ப நூத்துக்கு நூறு வாங்கிட்டீங்க."

அவள் கையை இறக்கினாள். முகத்தில் அழுகை இல்லை, வெறுப்பு மட்டும்.

"மீனுங்க என்னோடது. அந்த மனுஷனுக்கு ஒரு எழவும் தெரியாது. சுத்தம் பண்றேன்னு பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில வெச்சுத் தேய்ச்சார். கழிவு விஷமாகாம பாத்துக்கற நல்ல பாக்டீரியா அதுலதான் சார் இருக்கு! அத்தனையும் போச்சு. பின்னாடியே மீனுங்க ஒவ்வொண்ணா மல்லாந்துச்சு. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நேத்து ராத்திரி மறுபடியும் ஸ்பாஞ்சை எடுக்கத் தொட்டிக்குள்ள குனிஞ்சார்."

"அதுக்காக?"

"தண்ணி எப்படி இருக்குன்னு அவரே உள்ள போய்ப் பாக்கட்டும்னு அமுக்கினேன்."

விலங்கு கை மாறியது.

வாசலில் அவள் நின்றாள். கொழுந்தன் கையில் ஒரு சின்ன புட்டியைத் திணித்தாள்.

"வேற ஆளில்லாத கொடுமைக்கு உங்ககிட்ட குடுக்கறேன். ஊத்தற தண்ணிக்கு முதல்ல இதை விடணும். புரியுதா?"

"எனக்கே பாடமா?" மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இளித்தான் அவன். "தண்ணி என் டிபார்ட்மென்ட் அண்ணி. ஆனா அண்ணன் பண்ணதுல என்ன தப்பு? குளோரின் கிருமியைக் கொல்லும். அப்ப ஸ்பாஞ்சைக் குழாயடியில கழுவறதுதானே சுத்தம்?"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். ஆழம் பார்ப்பது போல...

ஏட்டு பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தார்.

"சார், அம்மா இருக்கட்டும்... முதல்ல இந்தாளை உள்ள தள்ளுங்க. வெளியில விட்டா மீனும் பொழைக்காது, இவனும் பொழைக்க மாட்டான்!"